செம்பு வளையத்தில் இரண்டு கீறல்

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நுரையக்கா என்று சொன்னால்தான் வாசலில் இருக்கிற காவலாளிக்கே தெரியும். வெள்ளை மேலங்கியின் பையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் புட்டி, அதில் சோப்புத் தண்ணீர், கூடவே முடி உதிர்ந்த ஒரு பெயின்ட் பிரஷ். குழாய்கள் சேருகிற இடத்திலெல்லாம் அதைப் பூசுவாள். பூசிவிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். நுரை கிளம்பினால் அங்கே வாயு கசிகிறது. உடனே ஸ்பேனரை எடுப்பாள், வாயையும் திறப்பாள்.

"எந்தப் புண்ணியவான் இறுக்கினது இது? படிச்ச கையா, பஞ்சு கையா?"

டாக்டர் பட்டம் வாங்கியவர்களுக்கு ஒரு நட்டை எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும் என்று தெரியாது என்பது இருபத்திரண்டு வருட அனுபவத்தில் அவள் கண்ட முடிவு. அந்த இருபத்திரண்டு வருடமும் அவள் ஒப்பந்த ஊழியர். வருடத்துக்கு ஒரு முறை ஒரு தாள் வரும், கையெழுத்துப் போடுவாள், இன்னொரு வருடம் ஓடும். அவளுக்குப் பிறகு வந்தவர்கள் நிரந்தரமாகி, தொப்பை போட்டு, கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துவிட்டார்கள். இவள் இன்னும் பிரஷ்ஷும் கையுமாகத்தான் நிற்கிறாள்.

அவள் பார்க்கிற வேலையைச் சொல்லிவிடுகிறேன், பெரிய கம்பசூத்திரம் ஒன்றுமில்லை. ஒரு இரும்புக் குப்பிக்குள் ஏதாவது ஒரு தூளைப் போட வேண்டும். ஹைட்ரஜனை உள்ளே விட்டு வால்வை மூட வேண்டும். பிறகு அந்தத் தூளின் மேல் எவ்வளவு ஹைட்ரஜன் ஒட்டுகிறது என்று அளக்க வேண்டும். நிறைய ஒட்டினால், வண்டியில் சிலிண்டருக்குப் பதிலாகத் தூள் மூட்டையை வைத்துக்கொண்டு ஓடலாம் என்று உலகத்தில் பலருக்கு ஆசை. ஆசைக்கென்ன, யார் வேண்டுமானாலும் படலாம்.

ஆனால் ஹைட்ரஜன் மாதிரி ஒட்டாத ஜென்மத்தைப் பார்ப்பது அரிது. இரண்டு அணு சேர்ந்த ஒரு மூலக்கூறு. இருப்பதிலேயே சின்னது, இலேசானது. தன் ஜோடியோடு தன் பாட்டுக்கு இருக்கும், வெளியில் யாரிடமும் ஒரு வேலையும் கிடையாது. ஒரு பரப்பின் மேல் வந்து உட்காரும். கண் இமைப்பதெல்லாம் அதற்கு யுகம், அதற்குள் எழுந்து போய்விடும். குளிர வைத்தால் மட்டும் கொஞ்சம் அடங்கும். திரவ நைட்ரஜன் ஜாடிக்குள், எலும்பு உறைகிற குளிரில், குப்பியை இறக்கினால் உட்கார்ந்துகொள்ளும். அப்போதும் ஒரு வரிசைதான். முதல் வரிசையின் மேல் இரண்டாவதாக ஏறி உட்காரச் சொன்னால் மாட்டேன் என்னும். இடுக்கு குறுகலாக இருந்தால் இரண்டு பக்கச் சுவரும் இழுக்கும், இன்னும் கொஞ்சம் நேரம் தங்கும். தங்கினாலும் பம்பரம் மாதிரிச் சுற்றுவதை நிறுத்தாது. ஜாடியை எடுத்துச் சூடு படவிட்டால், வந்தது அத்தனையும் ஒன்று விடாமல் கிளம்பி வந்துவிடும்.

இந்தக் கடைசி விஷயம் முக்கியம். ஒட்டியது திரும்பி வர வேண்டும். நாற்பது பார் அழுத்தத்தில் ஆரம்பித்தால், குளிரில் ஒட்ட ஒட்ட அழுத்த மீட்டர் இறங்கும்; குளிரை எடுத்தால் மீண்டும் நாற்பதில் வந்து நிற்க வேண்டும். வராதது ஒட்டவில்லை, வீட்டை விட்டே போய்விட்டது. நுரையக்காவுக்கு இது தன் கை ரேகை மாதிரி தெரியும்.

இது தெரியாதவர், அல்லது தெரிந்தும் தெரியாதவர், ஆய்வுக்கூடத்தின் தலைவர். அவருக்கு அவள் வைத்த பெயர் 'ஆறு சதவீதம்'. போன வருடம் பழத்தோலைச் சுட்டு ஒரு கரித்தூள் செய்தார். அது தன் எடையில் நூற்றுக்கு ஆறு பங்கு ஹைட்ரஜனைப் பிடித்துக்கொள்கிறது என்று அறிவித்தார். பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். கரித்தூளைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு, மோவாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் இப்போது படிக்கட்டில், வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்க்கிற உயரத்தில் தொங்குகிறது. அதற்குப் பிறகு அவர் நடக்கிற நடையே வேறு. முன்பெல்லாம் கழிப்பறைக்குப் போனால் வேகமாகப் போவார். இப்போது அதற்கும் ஊர்வலம் போகிற மாதிரிப் போகிறார்.

"திரும்பி வருதான்னு ஒரு தடவை பாத்துடலாம் சார்," என்று நுரையக்கா மூன்று தடவை சொல்லியிருக்கிறாள்.

"ஏறினதை அளந்தாச்சு. இறங்குறதை எதுக்குமா உக்காந்து பாக்கணும்? டைம் வேஸ்ட். வால்வைத் திறந்து வெளிய விடுங்க, அடுத்த சாம்பிளைப் போடுங்க." மூன்று தடவையும் இதே பதில்தான்.

அவருடைய இன்னொரு கண்டுபிடிப்பு சிக்கனம். குப்பியின் வாயை மூட ஒரு செம்பு வளையம் வைத்து இறுக்குவார்கள். இரண்டு பக்கமும் இரும்பு விளிம்பு செம்பைக் கடித்து அடைத்துக்கொள்ளும். ஒரு முறை கடிபட்ட வளையத்தைத் தூக்கிப் போட வேண்டியதுதான். இவர் சுவரில் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்: ஒவ்வொரு வளையத்தையும் இரண்டு முறை பயன்படுத்த வேண்டும், கீழே அவர் கையெழுத்து. நுரையக்கா அதைப் படித்துவிட்டு, "அப்படியே போட்டுக் கழட்டின கையுறையையும் துவைச்சுப் போடச் சொல்லுங்க," என்று அறைக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள். சுற்றறிக்கையை மதிக்கவும் இல்லை. தன் வளையங்களைத் தனி டப்பாவில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொன்றையும் போடும்போது ஓரத்தில் ஊசியால் ஒரு கீறல் போடுவாள். கீறல் இருந்தால் பழசு, குப்பைக்குப் போக வேண்டும். இந்த வழக்கம் அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரிந்து அவர்கள் என்னத்தைக் கிழிக்கப் போகிறார்கள்?

ஒரு திங்கட்கிழமை தலைவர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் ஒரு தாள்.

"உங்களோட நிரந்தர ஆர்டர் டைப் ஆயிடுச்சுமா. வியாழக்கிழமை மதிப்பீட்டுக் குழு வருது. அவங்க முன்னாடி அந்தக் கரித்தூளை ஓட்டிக் காட்டணும். ஆறு வரும். நீங்க அளவுத் தாள்ல கையெழுத்துப் போடணும். அது முடிஞ்சதும் இதுல நான் கையெழுத்துப் போடுறேன்."

தாளைக் காட்டிவிட்டு இழுப்பறைக்குள் வைத்து மூடினார். சின்னப் பிள்ளைக்கு மிட்டாயைக் காட்டிப் பைக்குள் வைத்துக்கொள்கிற மாதிரி. நுரையக்காவுக்கு அவர் மூஞ்சியில் சோப்புத் தண்ணீரை ஊற்றலாம் போல இருந்தது. ஊற்றவில்லை. காரணம் அவள் புருஷனுடைய முழங்கால்.

புருஷனுக்கு வீட்டு வாசலிலேயே பஞ்சர் கடை. முப்பது வருடம் குத்த வைத்து உட்கார்ந்து ட்யூப்பை ஒட்டி ஒட்டி, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. மாற்ற வேண்டும் என்று மருத்துவர் சொல்லி ஒன்றரை வருடம் ஆகிறது. ஆய்வுக்கூடத்தின் நிரந்தர ஊழியர் குடும்பத்துக்கு மருத்துவமனையில் எல்லாம் இலவசம். ஒப்பந்த ஊழியர் குடும்பத்துக்கு வாசல்வரை போய் வர இலவசம். அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்று சாயங்காலம் அவள் திண்டாட்டத்தைக் கொட்டினபோது, அவர் ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு ட்யூப்பைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக்கொண்டிருந்தார். கை தொட்டிக்குச் சரியாக எட்டவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தார்.

"அந்தக் கரி ஆறு பிடிக்காதுங்க. தலைகீழா நின்னாலும் பிடிக்காது. எங்கியோ லீக். ஆனா ஒவ்வொரு மூட்டா சோப்பு போட்டுப் பாத்துட்டேன், ஒரு நுரை வரலை."

"சும்மா இருக்கும்போது பாத்தியா, குளிர்ல இருக்கும்போது பாத்தியா?"

"குளிர்ல எப்படிப் பூசுறது? சோப்பு உறைஞ்சு போயிடும். அந்த மனுஷன் வேற குப்பியைக் கழுத்து வரைக்கும் முக்கச் சொல்றாரு. மூடியே உள்ள போயிடுது."

"அப்ப பபிள் வருதான்னு பாக்க வேண்டியதுதானே மேடம்."

"அது நைட்ரஜன். எந்நேரமும் கொதிச்சுக்கிட்டேதான் இருக்கும்."

அவர் ட்யூப்பை வெளியே எடுத்தார். "கொதிக்கிற தண்ணியில எவனாவது பஞ்சர் பாப்பானா? நல்லா இருக்கே உங்க ஆராய்ச்சி!"

நுரையக்காவுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. கழுத்து வரை முக்கினால் மூடியும் குளிர்கிறது. செம்பு சுருங்குகிறது. நல்ல வளையம் தாங்கும். ஏற்கனவே கடிபட்ட வளையம் விட்டுக்கொடுக்கும். ஹைட்ரஜன் அந்த இடுக்கில் நழுவி, கொதிக்கிற நைட்ரஜனோடு குமிழியாகக் கலந்து போய்விடும். மீட்டர் இறங்கும். இங்கே கைதட்டுவார்கள். ஜாடியை எடுத்தால் மூடி சூடாகி, அடைப்பு மறுபடி இறுகிக்கொள்ளும். அப்புறம் சோப்பு போட்டால் எங்கே நுரை வரும்? கசிவுகூட இந்த ஆளோடு சேர்ந்து நாடகம் ஆடியிருக்கிறது.

"எவனோ சுற்றறிக்கைக்குப் பயந்த ஒரு கேடுகெட்டவன் பழைய வளையத்தைப் போட்டு வச்சிருக்கான்," என்றாள். "அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்."

"கிடைக்கட்டும், கிடைக்கட்டும். ஆர்டரு?"

அவள் உள்ளே போனாள். அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

வியாழக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் வந்ததும் நாற்காலியைப் பார்த்தார், உட்கார்ந்ததும் கண்ணை மூடினார். இன்னொருவர் எதைச் சொன்னாலும் "அருமை, அருமை" என்றார். மின்விசிறியைப் போட்டதற்கும் சொன்னார். மூன்றாவது, குறிப்பேடு வைத்திருந்த ஒரு அம்மா. அவர் மட்டும் ஒன்றும் பேசாமல் மீட்டரைப் பார்த்தார். அந்தக் கரித்தூள் போன வருடத்திலிருந்து அதே குப்பியில்தான் இருந்தது. வெற்றி கண்ட குப்பி, யாரும் திறக்கக் கூடாது என்பது தலைவரின் உத்தரவு. கோயிலா குளமா, திறக்காமல் வைக்க!

மீட்டரில் நாற்பது. குப்பியை ஜாடிக்குள் கழுத்து வரை இறக்கினாள். எண் இறங்க ஆரம்பித்தது.

"பாருங்க, குடிக்குது பாருங்க!" என்றார் தலைவர். பசுமாட்டைக் காட்டி விற்கிறவர்கூட இவ்வளவு குதிக்க மாட்டார்.

"அருமை, அருமை."

கால் மணி நேரம் கழிந்தது. கணினி ஆறு புள்ளி ஒன்று என்று காட்டியது. கைதட்டினார்கள். தூங்கினவரும் விழித்துக்கொண்டு தட்டினார். "போதும்மா, வால்வைத் திறங்க," என்று தலைவர் தாளை நீட்டினார். "இங்க ஒரு கையெழுத்து."

பேனாவைப் பிடிக்க வேண்டிய கையால் நுரையக்கா ஜாடியைப் பிடித்துக் கீழே இறக்கினாள். வால்வைத் தொடவில்லை.

"என்னம்மா பண்றீங்க?"

"ஒட்டினது திரும்பி வரட்டும் சார். வந்ததும் போடுறேன்."

மீட்டர் ஏறியது. முப்பது, முப்பத்திரண்டு, முப்பத்துநான்கு. அறைச் சூட்டில் குப்பியின் மேல் படிந்த வெண்பனி உருகிச் சொட்டியது. முப்பத்தைந்தில் எண் நின்றது. ஐந்து நிமிடம் போயிற்று. பத்து நிமிடம் போயிற்று. அது அசைகிற வழியைக் காணோம்.

"கொஞ்சம் டைம் எடுக்கும்," என்றார் தலைவர். நெற்றி வியர்த்திருந்தது.

"ஹைட்ரஜன் அரசாங்க ஆபீஸ் இல்லை சார், டைம் எடுக்க. இருந்தா இந்நேரம் வந்திருக்கும்."

குறிப்பேட்டு அம்மா முதல் தடவையாக வாயைத் திறந்தார். "மீதி அஞ்சு எங்க?"

"ஜாடி வழியா மேல போயிடுச்சும்மா. மூடி கசியுது."

"திறந்து காட்டுங்க."

உள்ளே இருந்த வாயுவை வெளியேற்றிவிட்டு, ஆறு நட்டையும் கழற்றினாள். மூடியைத் தூக்கினாள். எவனுடைய கேடுகெட்ட வேலை என்று பார்க்கிற ஆவலோடு வளையத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். செம்பில் ஒன்றை ஒட்டி ஒன்றாக இரண்டு கடித் தடம். பழைய வளையம்தான், சந்தேகமே இல்லை. ஓரத்தில் ஊசிக் கீறல். ஒன்றல்ல, இரண்டு.

இரண்டு கீறல்! அந்த ஆய்வுக்கூடத்தில் ஊசியால் கீறுகிறவள் ஒருத்திதான். போன வருடம் அந்த நாள் அப்படியே ஞாபகம் வந்தது. புது வளையம் தீர்ந்துபோயிருந்தது. "சுற்றறிக்கை என்ன சும்மாவா ஒட்டியிருக்கு? போடுங்க, ஒண்ணும் ஆகாது," என்று தலைவர் பின்னாலேயே நின்று விரட்டினார். ஒப்பந்தம் புதுப்பிக்கிற வாரம். முணுமுணுத்துக்கொண்டே போட்டாள். போட்டுவிட்டு, பழக்கதோஷம், இரண்டாவது கீறலையும் போட்டாள். அப்புறம் வசதியாக மறந்தும் போனாள். கேடுகெட்டவனைத் தேடி ஊரெல்லாம் திட்டினாளே, அந்த ஆள் இந்த மேலங்கிக்குள்தான் இருந்திருக்கிறாள். தூ, இதற்கா இருபத்திரண்டு வருடம் அடுத்தவன் நட்டைக் குறை சொன்னேன் என்று இருந்தது.

"பழைய வளையமா? யார் போட்டது இது?" என்று தலைவர் சுற்றும் முற்றும் பார்த்து உறுமினார். அவருக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை. அடுத்தவர் கையால் செய்தது எப்போதும் அவருக்கு ஞாபகம் இருப்பதில்லை.

கீறலுக்கு அர்த்தம் அங்கே யாருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். யாரோ ஒருவன் மேல் பழி போய்விடும். அவள் வளையத்தைக் குறிப்பேட்டு அம்மாவின் கையில் வைத்தாள்.

"நான்தாம்மா போட்டேன். இந்தக் கீறல் என் கை. ரெண்டாவது தடவை போட்டது தப்புன்னு தெரிஞ்சேதான் போட்டேன்."

தலைவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே! முங்கிக்கொண்டிருந்தவனுக்குக் கட்டை கிடைத்த மாதிரி. "பாத்தீங்களா, டெக்னீஷியன் கவனக்குறைவு. நான் எவ்வளவு தடவை சொல்லியிருக்கேன்..." என்று ஆரம்பித்தார்.

குறிப்பேட்டு அம்மா சுவரில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையை மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். எதையோ எழுதிக்கொண்டார். "புது வளையம் போட்டு மறுபடி அளங்க. என்ன நடந்துதுன்னு காரணத்தோட, உங்க ரெண்டு பேர் கையெழுத்தோட, திங்கட்கிழமை தாள் எனக்கு வந்தாகணும்," என்று சொல்லிவிட்டு எழுந்தார். "அருமை" என்று சொல்ல வாயெடுத்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

சனிக்கிழமை நுரையக்கா புது வளையத்தோடு ஓட்டினாள். நாற்பதில் ஆரம்பித்தது, குளிரில் இறங்கியது, சூட்டில் ஏறி நாற்பதிலேயே வந்து நின்றது. எழுதும்போது கை கூசவில்லை. கரித்தூள் பிடித்தது ஒன்றேகால் சதவீதம். எந்தச் சாதாரணக் கரியும் பிடிக்கிற அளவுதான். பழத்தோலைச் சுட்டாலும் சரி, பழைய செருப்பைச் சுட்டாலும் சரி.

திங்கட்கிழமை தலைவர் இழுப்பறையைத் திறந்து ஆர்டரை எடுத்து மேசைமேல் வைத்தார். குரலில் தேன்.

"நடந்தது நடந்துபோச்சு. காரணம்ங்கிற இடத்துல 'எதிர்பாராத சாதனக் கோளாறு'ன்னு எழுதிடுங்கம்மா. உங்க பேரும் கெடாது, என் பேரும் கெடாது. இதுல இப்பவே கையெழுத்துப் போட்டுத் தர்றேன். வீட்டுக்காரருக்கு முழங்கால் பிரச்சினைன்னு சொன்னீங்களே?"

அந்த மனுஷன் வாயிலிருந்து தன் புருஷனுடைய முழங்கால் வந்தது அவளுக்குக் குமட்டியது. ஆனாலும் ஒரு நிமிடம் நின்றாள், பொய் சொல்வானேன். ஸ்டூலிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு குனிகிற புருஷனுடைய முதுகு கண்ணில் தெரிந்தது. அதற்கப்புறம்தான் பேனாவை எடுத்தாள். 'ஒரு முறை பயன்படுத்திய வளையம். போட்டது நான். போடச் சொன்னவர் தலைவர். சுற்றறிக்கை இணைக்கப்பட்டுள்ளது' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, தாளை அவர் பக்கம் தள்ளினாள்.

தலைவர் கெஞ்சினார், கத்தினார், கடிகாரத்தைப் பார்த்தார். குழு அலுவலகத்திலிருந்து போன் இரண்டு தடவை அடித்தது. மூன்றாவது தடவை அடித்தபோது அவரும் கையெழுத்துப் போட்டார். போட்ட கையோடு ஆர்டரை எடுத்து இழுப்பறைக்குள் எறிந்து, படாரென்று மூடிப் பூட்டினார்.

"இந்தக் கட்டடத்துல கசியாம மூடுறது உங்க டிராயர் ஒண்ணுதான் சார்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். படிக்கட்டில் அவர் படத்தைத் தாண்டும்போது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

வீட்டு வாசலில் புருஷன் ஒரு சைக்கிள் ட்யூப்பை மடியில் வைத்துக்கொண்டு தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் கேட்டார்.

"போச்சா?"

"போச்சுங்க." "உங்க காலைத்தான் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வந்திருக்கேன்."

அவர் மடியிலிருந்த ட்யூப்பை அவளிடம் நீட்டினார். "சரி, இதைப் பிடி. என்னால குனிய முடியலை."

நுரையக்கா கைப்பையை வாசற்படியில் வைத்துவிட்டு, தொட்டிக்குப் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்தாள். ட்யூப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் முக்கித் திருப்பினாள். தண்ணீர் அசையாமல் இருந்தது. குமிழி ஒவ்வொன்றாக, தெளிவாக மேலே வந்தது.